புருவம் விற்ற சரக்கு

போன வாரம் துணிக்கடை விற்பனைப் பெண் போகிற போக்கில் ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டுப் போனாள். அது இன்னும் சின்னவளின் காதை விட்டு இறங்கவில்லை.

"எனக்கு நல்லது விழுந்திருக்குன்னு உங்கப்பாதான் அன்னிக்கே சொன்னாரே!"

அவள் சொன்னது செருப்புக்குள் வைக்கிற இன்சோலைப் பற்றி. சின்னவள் பிசியோதெரபி கடைசி வருட மாணவி. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கடைத்தெரு ஆட்களின் குதிகால் வலிக்கு ஜெல் இன்சோல் உதவுமா என்பது அவளுடைய ஆய்வு. பாதிப் பேருக்கு ஜெல், பாதிப் பேருக்குச் சாதா ஸ்பாஞ்சு. இரண்டுக்கும் ஒரே கறுப்புத் துணி உறை. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கித் தோழி ஒருத்தி பொட்டலம் கட்டினாள். கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது, வாங்குகிறவருக்கும் தெரியக் கூடாது. ஆய்வு முறையியல் என்கிற பாடம் நிற்பதே இந்தத் தெரியாமையின் மேல்தான்.

கொடுக்கிற வேலை குடும்பச் செருப்புக் கடைக்கு வந்தது. காலையில் அப்பா கொடுப்பார். மத்தியானம் அவர் கண்ணயரும்போது அம்மா கொடுப்பாள்.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் 'ரேடியோ' என்று பெயர். வழி கேட்டு வந்தவருக்கு ஷூ விற்றவர். ஷூ திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் இன்னொரு ஜோடியையும் சேர்த்துக் கட்டி அனுப்பியவர். அவர் கையில் ஒரு சரக்கைக் கொடுத்து, "ஒண்ணும் சொல்லாம குடுங்கப்பா" என்றால், அது பூனையிடம் மீனைக் கொடுத்து முகர்ந்து பார்க்காதே என்பது மாதிரி. சின்னவளுக்கு இது இப்போதுதான் உறைக்கிறது.

விற்பனைப் பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், பதில்களை இரண்டாகப் பிரித்தாள். அப்பா கையால் வாங்கியவர்களிடம் ஜெல் அமோகம். அம்மா கையால் வாங்கியவர்களிடம் ஜெல்லுக்கும் ஸ்பாஞ்சுக்கும் ஒரே பலன்.

இன்று மத்தியானம் கல்லூரியில் அவள் ஆய்வைச் சபை முன் வைக்க வேண்டும். நாளைக் காலை அவள் அண்ணன் தன் சொந்தக் கடையைத் திறக்கிறான். தங்கையின் முதல் கணக்கைக் கேட்ட தெம்பில் கடை முழுக்க ஜெல் இன்சோலாக இறக்கி வைத்திருக்கிறான்.

காலை. அப்பா சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்சோல் குடுக்கும்போது என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நிஜமா?"

"விலை சொல்லல. கியாரண்டி குடுக்கல. பொதுவா நல்ல வார்த்தை ரெண்டு சொல்லியிருப்பேன். மனுஷன் கையில ஒரு பொருளைக் குடுக்கறோம், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா குடுப்பாங்க?"

"ஸ்பாஞ்சு வாங்கினவங்களுக்கும் நல்ல வார்த்தை சொன்னீங்களா?"

அப்பா கண்ணாடியில் தலை வாரத் தொடங்கினார். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை.

"அவங்களுக்கு, 'பரவாயில்ல, இதுவும் தேறும்'னு சொல்லியிருப்பேன்."

"எது ஜெல்னு உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சது? உறை போட்டிருந்தேனே!"

"உறையா!" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டைவிரலை வெச்சா அது தானா பேசுது. நான் என்ன காதைப் பொத்திக்கவா முடியும்?"

சின்னவள் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இப்ப எனக்குக் குடுங்க. கடையில குடுத்த மாதிரியே. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"இவ்வளவுதானே?"

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஜோடியை இரண்டு கையாலும் ஏந்தினார். லேசாக அழுத்திப் பார்த்தார். உடனே புருவம் இரண்டும் மேலே ஏறின. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. உனக்கென்னம்மா, அதிர்ஷ்டசாலி என்பதுபோல ஒரு பார்வை பார்த்து, மகளின் கையில் வைத்து, அந்தக் கையை மெல்ல மூடியும் விட்டார்.

வாய் என்னவோ மூடித்தான் இருந்தது. வியாபாரம் முடிந்திருந்தது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எனக்கே ஒண்ணு வாங்கணும்போல இருக்கு" என்றாள்.

"நான்தான் பேசவே இல்லையே!" என்றார் அப்பா, உண்மையான வருத்தத்தோடு.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் பெயின்ட். முகத்தில் கல்யாணக் களை.

"என்ன பாப்பா, டாக்டரம்மா ரெடியா? சாயங்காலம் ரிசல்ட் பேப்பர் ஒண்ணு குடு. பிரேம் போட்டு மாட்டணும்."

சின்னவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. துணிக்கடைப் பெண், கட்டைவிரல், காலைக் கணக்கு, மத்தியானக் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். களை இறங்கிவிட்டது.

"இதை இன்னிக்குச் சொல்லப் போறியா?"

"சொல்லாம எப்படிண்ணா?"

"யாரு கேக்கப் போறாங்க? வலி குறைஞ்சுதுன்னு அவங்க வாயாலதானே சொன்னாங்க? நீயா எழுதிக்கிட்ட?"

"சொன்னாங்க. ஜெல்லுனால குறைஞ்சுதா, அப்பாவால குறைஞ்சுதான்னுதான் தெரியல."

"எதனால குறைஞ்சா என்ன? குறைஞ்சுதுல்ல?"

இது அசட்டுக் கேள்வி இல்லை. சின்னவளுக்கும் அது தெரிந்தது.

"அப்ப நீ அப்பாவைப் பாக்கெட்ல போட்டு விக்கணும்ணா."

அண்ணன் சிரிக்கவில்லை. "உன்னை நம்பி இறங்கினேன், பாப்பா."

"என்னை எங்க நம்பின? முதல் கணக்கு வந்தப்பவே, இன்னும் முடியல, பொறுன்னு சொன்னேன். அப்பா ஆஹான்னார். நீ இறங்கிட்ட."

"சரி. இன்னிக்கு ஒரு நாள் அந்தக் காலை மத்தியானத்தை மட்டும் பிரிக்காம சொல்லு. பொய் சொல்லச் சொல்லல. மொத்தமா சொல்லுன்னுதான் சொல்றேன். மொத்தக் கணக்கும் உண்மைதானே?"

அப்பா பேச வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். இந்த வீட்டில் ரேடியோவை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "பாப்பா சொன்ன மாதிரியே, கையில குடுத்தேன், ஒரு வார்த்தை பேசல. திமிர் பிடிச்சவள்னு நாலு பேர் நினைச்சிருப்பாங்க. பரவாயில்லன்னு இருந்தேன். மொத்தமா சொன்னா, நான் ஒழுங்கா செஞ்சதையும் அப்பாவோட ஆஹாவையும் ஒரே கோணியில போட்டுக் கட்டற மாதிரிதானே?"

அண்ணன் எழுந்து போனான். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

கல்லூரி அரங்கு சின்னது. மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது, ஒன்று சுற்றுவதாகப் பாவனை செய்தது. முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அவர் பக்கத்தில் வழிகாட்டிப் பேராசிரியை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் மேடம்'. பின்னால் ஆய்வில் கலந்துகொண்ட கடைத்தெரு ஆட்கள் சிலரும், அம்மாவும், இஸ்திரி மடிப்பு நலுங்காத சட்டையில் அப்பாவும்.

சின்னவள் பேச ஆரம்பித்தாள். கேள்வி என்ன, யார் யாரைச் சேர்த்தோம், எப்படிக் குலுக்கினோம், வலியை எப்படி அளந்தோம். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

பிறகு மொத்தக் கணக்கைத் திரையில் போட்டாள். ஜெல் நன்றாகவே ஜெயித்திருந்தது. தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கைதட்டல் வந்திருக்கும்.

கதவருகே அண்ணன் நின்றுகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். எப்போது வந்தானோ.

அவள் அடுத்த படத்தைப் போட்டாள்.

"இதே கணக்கை, யார் கையால வாங்கினாங்கங்கறதை வெச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். ஒருத்தர் குடுத்தப்ப மட்டும்தான் ஜெல் நல்லா இருக்கு. இன்னொருத்தர் குடுத்தப்ப ரெண்டும் ஒண்ணுதான். முதல் ஆளுக்கு எது ஜெல்னு தெரிஞ்சிருக்கு, வாங்கினவங்களுக்கும் தெரிய வெச்சிருக்கார். அதனால, ஜெல் உதவுதுன்னு இந்த ஆய்வை வெச்சு நான் சொல்ல முடியாது."

அரங்கில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்த முதல் ஆள் யாரு?" என்றார் தேர்வாளர்.

"எங்கப்பா சார்."

சிரிப்பு எழுந்தது. ஏன் மேடம் சிரிக்கவில்லை.

"உன் அப்பாவாலதான் வித்தியாசம் வந்துச்சுன்னு சொல்ற. ஏன்? அவர் காலையில குடுத்தார். காலையில வர்றவங்களும் மத்தியானம் வர்றவங்களும் ஒரே மாதிரி ஆளுங்களா?"

சின்னவள் இதற்குத் தயாராக வரவில்லை. மேசை விளிம்பை விட்டுவிட்டு ஒரு கணம் யோசித்தாள்.

"இல்ல மேடம். காலையில வந்தவங்க வேலைக்கு முன்னால வந்தவங்க. மத்தியானம் வந்தவங்க பாதி நாள் நின்னுட்டு வந்தவங்க. வித்தியாசம் அதனாலயும் இருக்கலாம்." ஒரு மூச்சு எடுத்தாள். "அப்பாதான் காரணம்னு சந்தேகப்படலாம். நிரூபிச்சுட்டேன்னு சொல்ல முடியாது."

ஏன் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர் பேனாவைக் கீழே வைப்பதும் மற்றவர்கள் சால்வை போர்த்துவதும் ஒன்று.

அப்பாவால்தான் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"இதுல என்னம்மா சந்தேகம்! நான்தான் செஞ்சேன்! சார், என் பொண்ணு எவ்வளவோ சொன்னா. கேக்கலை. என் கை அப்படி!"

"உக்காருங்க" என்று அம்மா சட்டை நுனியை இழுத்தாள். மடிப்பு கலைந்தது.

தேர்வாளருக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது. "இருக்கட்டும்மா. எப்படிக் குடுத்தீங்கன்னு காட்டுங்களேன் பாப்போம்."

சின்னவள் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். தேடித்தான் எடுத்தாள். அப்பா முன்வரிசைக்கு வந்தார். கட்டைவிரலை வைத்தார். மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினார்.

"சார் நாள் முழுக்க நின்னு பாடம் எடுக்கறவர். எடது காலை மாத்தி மாத்தி வைக்கறீங்க, வந்ததுலேர்ந்து பாக்கறேன். உங்களுக்குன்னு ஒண்ணு விழுந்திருக்கு. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது, என் பொண்ணு கோவிச்சுப்பா. நீங்களே தொட்டுப் பாருங்க. பாத்தீங்களா, உங்க விரல் போற எடத்துக்கு அதுவா வழி விடுது."

தேர்வாளர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். "அட, ஆமா! மெத்துனு இருக்கு. இதுக்கும் மத்ததுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியுது. எனக்குக்கூட எடது குதிகால்ல ரொம்ப நாளா..."

"சார்" என்றாள் சின்னவள். "அது சாதா ஸ்பாஞ்சு."

அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது. தேர்வாளர் முதலில் இன்சோலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா இது சாதான்னு?"

"தொட்டதுமே தெரியும் சார்" என்றார் அப்பா அடக்கமாக. அந்த அடக்கத்தையும் ஒரு ஜோடியாகக் கட்டி விற்கலாம்.

சிரிப்பு ஓய்ந்தபோது கதவருகே இருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு கேள்வி கேக்கலாமா?"

அண்ணன்.

"அந்த ஜெல்லைப் போட்டா கெடுதல் ஏதாவது இருக்கா?"

"நாங்க பாத்தவரைக்கும் இல்ல."

"நல்லதும் இல்ல."

"இருக்கான்னு தெரியல. தெரியலங்கறதுதான் என் பதில்."

அண்ணன் தலையசைத்தான். கோபமா, ஒப்புதலா, சொல்ல முடியாத ஒரு தலையசைப்பு. கதவு அவனுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

தேர்வாளர் எழுந்தார். "ஆய்வை மறுபடியும் செய்யணும். வேற வழியில்ல. ஆனா முறையியல்ல இந்தப் பொண்ணுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல. தன் வீட்டுக் குத்தத்தைத் தானே தோண்டி எடுத்துச் சபையில வைக்கறதை எந்தப் புஸ்தகத்துலயும் கத்துக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை அப்பாவை ஊருக்கு அனுப்பிடும்மா" என்றார்.

கல்லூரி வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா போனை எடுத்துவிட்டார்.

"என்னய்யா, சேதி தெரியுமா? என் பொண்ணு சபை நடுவுல எழுந்து, எல்லாத்தையும் கெடுத்ததே எங்கப்பாதான்னு சொல்லிட்டா! ஆமாய்யா, என்னைத்தான்! பெரிய பெரிய புரொபசரெல்லாம் எழுந்து நின்னாங்க... இல்ல, ஒருத்தர் எழுந்தார், அதை விடு."

அடுத்த போன். அதே சேதி. இதில் இரண்டு புரொபசர் எழுந்தார்கள். தன் பெயர் கெட்ட கதையை இவ்வளவு பெருமையாக விற்ற மனிதரைக் கடைத்தெரு கண்டிருக்காது.

"எண்ணிக்கை ஏறுதுப்பா" என்றாள் சின்னவள்.

"ஏறட்டும். உன் ஆய்வுல கை வைக்கல. என் சந்தோஷத்துலதான் வைக்கறேன்."

அம்மா மகளின் தலைமுடியை ஒரு தரம் ஒதுக்கிவிட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. சின்னவளுக்கு அதுவே தேர்வாளர் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

அண்ணனின் புதுக்கடை, கடைத்தெருவின் திருப்பத்தில் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

அப்பா சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "நீங்க இங்கயே இருங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க. பையன் மனசைத் தேத்திட்டு வர்றேன்."

"வேண்டாம்ப்பா."

"ஏம்மா? என் பேச்சைக் கேட்டு அவன் சமாதானம் ஆகமாட்டான்னு நினைக்கறியா?"

"ஆயிடுவான். அதான் வேண்டாங்கறேன்."

ரேடியோ நின்றது. மூடியிருந்த பக்கத்துக் கடைப் படியில் அவர் உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டை மடிப்பை நீவிவிட்டாள்.

சின்னவள் குனிந்து உள்ளே போனாள்.

அண்ணன் தனியாக இல்லை. ஸ்டூலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். நகைக்கடை வாசலில் நாள் முழுக்க நிற்பவர். அப்பா கையால் ஜெல் வாங்கி, வலி நன்றாகக் குறைந்தது என்று சொன்னவர்களில் ஒருவர். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். எதிரே தரையில் முட்டியிட்டு, கையில் ஒரு ஜோடி இன்சோலோடு அண்ணன்.

"பழசு தேஞ்சுபோச்சாம். நாளைக்கு வரைக்கும் பொறுக்காதாம்" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல். "முதல் வாடிக்கை. வாயில வார்த்தை வரல. நீயே சொல்லு, நான் என்ன சொல்லி இதைக் குடுக்கணும்?"

குரலில் குத்தல் இருந்தது. கேள்வியும் இருந்தது.

சின்னவள் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஐயா, எங்க வலிக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

காவலாளி சிரித்தார். பிறகு முழங்காலுக்கு மேலே கையைக் கொண்டுபோய், இடுப்பில் வைத்தார்.

"குதிகால்ல?"

"குதிகாலா? அது எனக்கு எப்பவுமே வலிச்சது இல்லம்மா."

"அப்ப குதிகால் வலி இருக்கு, குறைஞ்சுதுன்னு சொன்னீங்களே!"

"உங்கப்பா குடுக்கும்போதே, குதிகால் வலிதானேன்னு அவ்வளவு ஆசையா கேக்கறார். இல்லன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார் அவர். "நான் மட்டுமா? எங்க வரிசையில பாதிப் பேர் அப்படித்தான்."

அண்ணன் கையிலிருந்த ஜோடியை மெல்லப் பெட்டிக்குள் வைத்தான். தங்கையைப் பார்த்தான். காலையிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"பாதிப் பேரா?" என்றான். "பாப்பா, நீ அந்த ஏன் மேடத்துக்குப் போனைப் போடு. ஐயா, நீங்க உக்காருங்க, டீ சொல்றேன். இடுப்பு எப்பலேர்ந்து வலிக்குது?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. ரேடியோவின் மகன் ஒரு வாடிக்கையாளருக்காகப் பேசாமல் காத்திருந்ததைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள். அரங்கில் வராத கண்ணீர் இங்கே வந்தது.

வெளியே படியிலிருந்து குரல் வந்தது. "உள்ள என்னப்பா நடக்குது? நான் ஒரே ஒரு வார்த்தை பேசலாமா?"

"வேண்டாம்!" என்றார்கள் அண்ணனும் தங்கையும்.

காவலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அது வந்து தம்பி, வலி ஆரம்பிச்சதே உங்கப்பா கடையில ஷூ வாங்கினதுக்கு அப்புறம்தான்" என்றார்.